பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’: நீங்கள் சுவருக்கு எந்தப் பக்கம்?

கேசட்காரன்

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வந்த இரண்டு நண்பர்கள், சாம்பார் ஆறிப்போகும்வரை ஒரு இசைத்தட்டைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கிலேய ராக் குழுவின் ‘தி வால்’ (‘சுவர்’). ராக் இசையில் இதற்கு மேல் ஒன்று இல்லை என்கிறார் ஒருவர். “ஒரு பணக்காரன் எண்பது நிமிஷம் மூக்கைச் சிந்துகிறான், அதற்கு ரெட்டைத் தட்டு வேறு” என்கிறார் மற்றவர். “வாலோ தலையோ, முதலில் சாப்பிடுங்கள்” என்று என் மனைவி அதட்டிய பிறகுதான் அடங்கினார்கள்.

அதனால்தான் இந்த இழை. பிடிக்கும், பிடிக்காது என்று ஒற்றை வரியில் முடிக்காமல், எங்கே எப்படி அதைச் சந்தித்தீர்கள் என்று எழுதுங்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். 1992, கல்லூரி விடுதி. ஒரு சீனியர் தொண்ணூறு நிமிட கேசட்டில் பதிந்து கொடுத்தார். எனக்கு அதற்கு முன் தெரிந்த பிங்க் ஃபிளாய்ட் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’, ‘விஷ் யூ வேர் ஹியர்’ இரண்டும்தான். கண்ணை மூடினால் மிதக்கலாம். அதே எதிர்பார்ப்பில் பிளே பட்டனை அழுத்தினால், முதலில் எங்கோ தூரத்தில் ஒரு மெல்லிய மெட்டு. சத்தம் போதவில்லையே என்று கூட்டி வைத்தேன். அடுத்த நொடி கிடார் இடிமாதிரி இறங்கியதில் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டினான். அப்புறம் பாய்ந்து வரும் விமானம், குழந்தையின் அழுகை, ஹெலிகாப்டர், கத்தும் வாத்தியார், உடையும் டிவி. மிதக்க வந்தவனைப் பிடித்து உலுக்கின மாதிரி இருந்தது.

முதல் தட்டு முப்பத்தொன்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். கேசட்டின் ஒரு பக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் மீதி. சீனியருக்கு வீணாக்க மனசு வரவில்லை. தனக்குப் பிடித்த ஒரு டிஸ்கோ பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டார். ஆல்பம் முழுக்க ஒரே கதை; அதன் கதாநாயகன் பிங்க் என்ற பாடகன், தன்னைச் சுற்றிக் கட்டிய சுவரில் கடைசிச் செங்கல்லை வைத்து, ‘குட்பை குரூயல் வேர்ல்ட்’ என்று உலகத்துக்குக் கையசைக்கிறான். உடனே குஷியாக டிஸ்கோ. இரண்டு வருஷம் அதுவும் கதையில் ஒரு பகுதி என்றே நம்பினேன். விடுதலை அடைந்துவிட்டான் போல என்று விளக்கம்கூட வைத்திருந்தேன்.

ஆறு கம்பி

நான் கிடார் கற்கிறவன், நேர்மையாகச் சொல்கிறேன். எனக்கு ‘தி வால்’ என்றால் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ பாட்டின் இரண்டாவது கிடார் சோலோ. அவ்வளவுதான். அதை மட்டும் எட்டு மாதம் வாசித்துப் பழகினேன், இன்னும் வரவில்லை. குழுவின் கிடார்காரர் கில்மோர் ஒரே மூச்சில் வாசித்தது என்று நினைத்துத்தான் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாறு தடவை வாசித்துப் பதிந்து, ஒவ்வொன்றிலும் நன்றாக வந்த துண்டுகளைக் குறித்துவைத்துக் கோத்தது என்று பிறகு தெரிந்ததும் கொஞ்சம் ஆறுதல்.

மொத்தம் 26 தடங்கள். அவற்றில் எழுதியவர் பட்டியலில் கில்மோர் பெயர் இருப்பவை மூன்றே மூன்று: ‘யங் லஸ்ட்’, ‘கம்ஃபர்டபிளி நம்ப்’, ‘ரன் லைக் ஹெல்’. நான் திரும்பத் திரும்பக் கேட்பதும் அந்த மூன்றுதான். மற்றதெல்லாம் குழுவின் பாடகரும் பேஸ் கிடார்காரருமான ரோஜர் வாட்டர்ஸின் நாடகம். கடைசியில் வரும் ‘தி டிரையல்’ எல்லாம், வழக்கறிஞர், வாத்தியார், மனைவி, அம்மா, நீதிபதி எல்லாருக்கும் ஒரே ஆள் குரல் மாற்றி மாற்றிப் பேசுவது, மன்னிக்கணும், எனக்குத் தெருக்கூத்துக் கட்டியங்காரன் ஞாபகம்தான் வந்தது. கூத்தில் பார்த்தால் ரசிப்பேன். இங்கே கிடார் எப்போது வரும் என்று காத்திருக்கிறேன்.

கேசட்காரன்

@ஆறு கம்பி: அந்த மூன்றைத் தனியாக எடுத்தால் அவை நல்ல பாட்டுகள், அவ்வளவுதான் தம்பி. ‘கம்ஃபர்டபிளி நம்ப்’ மெட்டே கில்மோர் தன் தனி ஆல்பத்துக்காகச் செய்து, பயன்படுத்தாமல் வைத்திருந்தது. அதற்கு வாட்டர்ஸ் எழுதிய வரிகள் எங்கிருந்து வந்தன? 1977 சுற்றுப்பயணத்தில் ஃபிலடெல்ஃபியாவில் வயிற்று வலியால் துடித்தவருக்கு ஒரு டாக்டர் ஊசி போட்டு மேடையேற்றினார். கை மரத்துப்போன நிலையில் வாசித்தார். அந்த மரத்துப்போன மனுஷன் யார் என்று முன்னாலிருக்கிற பாட்டுகள் சொல்லாவிட்டால், அந்த சோலோ யாருக்காக அழுகிறது?

ஆறு கம்பி

அது அழுவதற்கு ஆள் வேண்டாம் சார். கம்பி போதும்.

மூன்றாவது பெஞ்ச்

மூன்று தடவை முயற்சி செய்தேன். மூன்று தடவையும் ‘ஹே யூ’ வருவதற்குள் தூங்கிவிட்டேன். இதுதான் என் அனுபவம். திட்டாதீர்கள்.

சாக்பீஸ்

நான் இருபத்தொரு வருஷமாகப் பள்ளி ஆசிரியை. என்னை இந்த ஆல்பம் எப்படிச் சந்தித்தது என்று கேட்கிறீர்களா? பன்னிரண்டாம் வகுப்புப் பிரிவுபசார விழாவில் பையன்கள் மேடையில் நின்று என்னைப் பார்த்துப் பாடினார்கள்: எங்களுக்குக் கல்வி வேண்டாம், டீச்சர், பிள்ளைகளை விடுங்கள். ஒருவனுக்கும் அது எந்த ஆல்பம் என்று தெரியாது. தாளம் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன். அந்தத் தாளமே தயாரிப்பாளர் பாப் எஸ்ரின் வற்புறுத்திப் போட்ட டிஸ்கோ தாளமாம். பாடிய பிள்ளைகள் லண்டனில் ஸ்டூடியோவுக்குப் பக்கத்திலேயே இருந்த இஸ்லிங்டன் கிரீன் பள்ளியின் மாணவர்கள். அழைத்துப் போனவர் அவர்களுடைய இசை ஆசிரியர்! கல்வி வேண்டாம் என்று பாட ஒரு வாத்தியார்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இதைப் படித்ததும் கோபம் பாதி போய்விட்டது. 1980இல் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மாணவர்கள் நிறவெறிக் கல்விக்கு எதிராக இதே பாட்டைப் பாடினார்கள், அரசு தடை செய்தது என்று படித்ததும் மீதியும் போனது.

ஆனால் முழு ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்டபோது வேறு கோபம் வந்தது. பிங்க்கின் வாழ்க்கையில் வரும் பெண்களை எண்ணிப் பாருங்கள். மூச்சுமுட்ட வைக்கும் அம்மா. துரோகம் செய்யும் மனைவி. ஓட்டல் அறைக்கு வந்து மிரண்டு ஓடும் ஒரு ரசிகை. பிள்ளைகளை அடிக்கும் வாத்தியார்கூட ஏன் அப்படி ஆனார் என்றால், வீட்டில் அவர் மனைவி அவரை அடிக்கிறாளாம்! வாத்தியாருக்குக்கூட ஒரு காரணம் கொடுத்தவருக்கு, அந்த மனைவிக்கு ஒன்று கொடுக்கத் தோன்றவில்லை. ‘மதர்’ எனக்கு மிகவும் பிடித்த பாட்டு, பாடம் திருத்தும்போது முணுமுணுப்பேன். ஆனாலும் கணவனைப் போரில் இழந்துவிட்டுத் தனியாகப் பிள்ளை வளர்த்தவள் அவள். அவள் பக்கத்துச் சுவரை யார் கட்டினார்கள் என்று ஒரு வரி இருந்திருக்கலாம்.

கருப்பு வெள்ளைக் கட்டை

நான் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறவன். இதைப் பிடிக்காதவர்களில் பாதிப்பேர் என் கட்சி என்று நினைக்கிறேன்: எங்களுக்கு இதில் குழுவின் கீபோர்டுகாரர் ரிச்சர்ட் ரைட்டைக் காணோம். பிங்க் ஃபிளாய்ட் என்று நாம் எதை மிதப்பு என்கிறோமோ, அதில் பெரும்பங்கு அவர் கைதான். இந்த ஆல்பத்தில் எழுத்தாளராக அவர் பெயர் ஒரு பாட்டில்கூட இல்லை. பதிவு நடந்துகொண்டிருக்கும்போதே வாட்டர்ஸ் அவரை வெளியேறச் சொன்னார். வேலை முடிந்ததும் போய்விடுவதாக அவரும் ஒப்புக்கொண்டார். பிறகு மேடை நிகழ்ச்சிகளுக்குச் சம்பளத்துக்கு வாசிக்க வந்தார். 1980, 81இல் லாஸ் ஏஞ்சலிஸ், நியூயார்க் பக்கம் யூனியன்டேல், லண்டன், டார்ட்மண்ட் என்று 31 நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றிலும் ராட்சத அட்டைச் சுவரைக் கட்டி இடித்ததில் மற்ற மூவருக்கும் கைநஷ்டம். சம்பளக்காரரான ரைட்டுக்கு மட்டும் லாபம்! இதைப் படித்த அன்று ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

அதெல்லாம் சரி, வேடிக்கை. ஆனால் கேட்கும்போது எனக்கு அந்த வெற்றிடம் காதில் விழுகிறது. ‘நோபடி ஹோம்’ என்ற பாட்டில் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் அழகாக இருக்கின்றன. தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் வீட்டில் இல்லாதவர் யார் என்று எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கும்.

பெட்டி வரும் நாள்

நீளமாக எழுத வராது. என் அப்பா பதினோரு வருஷம் வளைகுடாவில் இருந்தார். ‘அனதர் பிரிக் இன் தி வால்’ என்றால் எல்லாரும் இரண்டாம் பகுதியைச் சொல்கிறார்கள். முதல் பகுதி என்று ஒன்று உண்டு. கடலைத் தாண்டிப் போன அப்பா, ஆல்பத்தில் ஒரு போட்டோவை மட்டும் விட்டுப் போனார் என்று வரும். வாட்டர்ஸின் அப்பா 1944இல் இத்தாலியில் ஆன்சியோ போரில் இறந்தபோது அவர் ஐந்து மாதக் குழந்தை. என் அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருவார், இப்போது வீட்டில்தான் இருக்கிறார். இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று தெரியும். ஆனாலும் அந்த மூன்று நிமிஷத்துக்கு மேல் அன்று என்னால் கேட்க முடியவில்லை. பிடிக்குமா என்று கேட்டால் பதில் தெரியவில்லை.

தேம்ஸ் கரை

லண்டனிலிருந்து எழுதுகிறேன். 2011 மே 12, ஓ2 அரங்கம். வாட்டர்ஸ் முழு ஆல்பத்தையும் மேடையில் நடத்திய சுற்றுப்பயணம். வர மாட்டேன் என்ற மச்சானை, டிக்கெட் வீணாகிவிடும் என்று இழுத்துப் போனேன். முதல் பாதி முழுக்க வாசிக்க வாசிக்கப் பின்னால் ஆட்கள் செங்கல் அடுக்கிக்கொண்டே இருந்தார்கள். இடைவேளையில் மேடையே தெரியவில்லை, அரங்கத்தின் அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சுவர். இரண்டாம் பாதி ‘ஹே யூ’வோடு ஆரம்பித்தது, வாத்தியக்காரர்கள் எல்லாரும் சுவருக்குப் பின்னால். மச்சான் என் காதில் சொன்னான்: “காசு கொடுத்துச் சுவரைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம்?”

அப்புறம் ‘கம்ஃபர்டபிளி நம்ப்’. வாட்டர்ஸ் கீழே தனியாக நின்று பாடுகிறார். பல்லவி வந்ததும் சுவரின் உச்சியில் வெளிச்சம் விழுந்தது, அங்கே டேவிட் கில்மோர் நிற்கிறார். எந்த இரவில் வருவார் என்று முன்கூட்டி எங்களுக்குத் தெரியாது. ஜென்மப் பகை என்று நாம் கதை பேசிய இரண்டு பேர். பக்கத்தில் ஒரு பெரியவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். சுவர் இடிந்த பிறகு ‘அவுட்சைட் தி வால்’ பாட்டுக்கு கில்மோர் மாண்டலினோடு வந்தார், டிரம்ஸ்காரர் நிக் மேசன் டாம்பரினோடு வந்தார். ரைட் மட்டும் இல்லை, அவர் 2008லேயே போய்விட்டார்.

அந்தச் சுவர்க் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இந்த ஆல்பமே ஒரு ரசிகனால் வந்தது. 1977 ஜூலை 6, மான்ட்ரியால் ஒலிம்பிக் அரங்கம். கூச்சலும் வெடிச் சத்தமுமாக இருந்த கூட்டத்தில், முன்வரிசையில் மேடையை நோக்கி ஏறிய ஒருவன் முகத்தில் வாட்டர்ஸ் துப்பிவிட்டார். நான் என்ன ஆகிவிட்டேன் என்று அவருக்கே அருவருப்பாகி, எனக்கும் இவர்களுக்கும் நடுவில் சுவரே கட்டிவிடலாம் என்ற நினைப்பில் பிறந்ததுதான் இது. அதாவது, எட்டி நில் என்று ரசிகனுக்குச் சொல்லும் ஆல்பம். அப்படியிருக்க, “என்னை உள்ளே விடவில்லை” என்று ஒருவர் சொன்னால் அவர் தப்பாகக் கேட்டார் என்று எப்படிச் சொல்வது? என் மச்சான் அன்று சரியாகத்தான் கேட்டான். நான் சுவருக்குள் இருந்து கேட்டேன், அவன் வெளியிலிருந்து கேட்டான்.

ஆறு கம்பி

@தேம்ஸ் கரை: அண்ணா, அன்று சோலோவை அப்படியே வாசித்தாரா, மாற்றி வாசித்தாரா?

தேம்ஸ் கரை

எனக்குக் கண்ணீர்தான் ஞாபகம் இருக்கிறது தம்பி.

சாக்பீஸ்

@தேம்ஸ் கரை: துப்பியவருக்கு 26 தடங்கள். துப்பு வாங்கியவனுக்கு ஒன்றுமில்லை. இதைத்தான் நானும் மேலே சொன்னேன்.

கேசட்காரன்

டீச்சருக்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: தேம்ஸ் கரை சொன்ன ‘அவுட்சைட் தி வால்’, கடைசித் தடம், பாதி வாக்கியத்தில் அறுந்துவிடும். “இங்கேதானே நாம்…” என்ற பொருளில் ஒரு குரல். மறுபாதி முதல் தடத்தின் ஆரம்பத்தில் இருக்கிறது: “…உள்ளே வந்தோம்?” இடித்த சுவரை மறுபடி கட்ட ஆரம்பிக்கிறார்கள். கேசட்டைத் திருப்பிப் போட்டுக் கேட்டும் பல வருஷம் நான் கவனிக்கவில்லை. போனில் பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்பவர்களுக்கு இது கிடைக்கவே கிடைக்காது. ஒரு தடவையாவது வரிசையாகப் போட்டு, ரிப்பீட்டில் விட்டுப் பாருங்கள்.

மூன்றாவது பெஞ்ச்

கேசட்காரன் சார் சொன்ன மாதிரி நேற்று ராத்திரி ரிப்பீட்டில் போட்டேன். தூங்கிவிட்டேன். விழிப்பு வந்தபோது அந்த மெல்லிய மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. முடிகிறதா ஆரம்பிக்கிறதா என்று யோசிப்பதற்குள் கிடார் இடித்தது. பக்கத்து வீட்டில் விளக்குப் போட்டார்கள்.