கல்யாண ஆல்பம் வேலைக்குப் புதுக் கணினி: முன்பணம் கொடுக்கலாமா?

ஆல்பம்காரன்:
காரைக்குடியில், வீட்டு மாடியிலேயே கல்யாண ஆல்பம் வடிவமைக்கிறேன். இருப்பது ஐ5-4460 பிராசஸர், 8 ஜிபி ரேம், ஹார்ட் டிஸ்க். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டி வரும்போதுதான் ஃபோட்டோஷாப் திறந்திருக்கும். மணப்பெண் கன்னத்தில் ஒரு பருவை அழிப்பதற்குள் பெட்டி கரகரவென்று அரைக்கிறது. கடைக்காரர் ஐ7, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்று கொட்டேஷன் கொடுத்து, "ஐ7 பறக்கும்" என்கிறார். மானிட்டர் இருக்கிறது. கையில் 60,000 ரூபாய். முன்பணம் கொடுக்கலாமா?

திருப்புளி:
கொடுக்காதீர்கள் அண்ணா. ஐ7 என்பது குடும்பப் பெயர் மாதிரி. தாத்தாவுக்கும் அதுதான், பேரனுக்கும் அதுதான். பின்னால் வரும் எண் என்ன? அப்படியே ஆல்பம் அளவையும் சொல்லுங்கள்.

ஆல்பம்காரன்:
கேட்டேன். ஐ7-6700 என்கிறார். விரித்தால் 36க்கு 12 அங்குலம், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி). ஒரு பக்கத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக முப்பது லேயர் (பட அடுக்கு) வரை போகும்.

திருப்புளி:
நினைத்தேன். அது 2015இல் வந்த தாத்தா. 4 கோர்தான் (பிராசஸருக்குள் வேலை செய்யும் பகுதிகள்), விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் இல்லை.

உங்கள் பக்கம் 10,800க்கு 3,600 பிக்சல். ஒரு முழு லேயருக்கே சுமார் 117 எம்பி. முப்பதும் முழு லேயர் என்றால் 3.5 ஜிபி, செய்ததைத் திரும்பப் பெற ஃபோட்டோஷாப் சேர்த்து வைப்பது தனி. 8 ஜிபி நிரம்பியதும் மிச்சத்தை டிஸ்க்கில் எழுதி எழுதிப் படிக்கும். நீங்கள் கேட்கிற கரகர சத்தம் அதுதான். எந்த ஐ7 போட்டாலும் அது நிற்காது.

என் கணக்கு: ஐ5-12400, 6 கோர். எண்ணுக்குப் பின்னால் எஃப் இருந்தால் வாங்காதீர்கள். அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, திரை இருட்டாக நிற்கும். டிடிஆர்4 வகை ரேம் எடுக்கும் பி660 மதர்போர்டு. ரேம் 16 ஜிபி வீதம் இரண்டு. 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத வேகமான சேமிப்பகம். கிராபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கை முடிந்த ஆல்பங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடிவீடு:
பழைய பெட்டியிலேயே ஒரு சாட்டா எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க் மாட்டும் கேபிளிலேயே மாட்டுவது) போட்டால் குறைந்த செலவோடு போகுமே?

திருப்புளி:
சீக்கிரம் திறக்கும், உண்மைதான். ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 4460க்கும் 11 இல்லை. பிழைப்பு நடத்தும் பெட்டியை அப்படி வைக்க எனக்கு மனம் வராது.

கரிந்தவன்:
பவர் சப்ளையை யாரும் சொல்லவில்லையே! கேபினட்டோடு இலவசமாக வந்ததை நம்பினேன். ஓர் ஆடி மாதம் மின்சாரம் போய் வந்தபோது பட்டென்று ஒரு சத்தம், பிளாஸ்டிக் கருகிய வாடை. போர்டையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் பிரான்ஸ் (வெண்கலம்) முத்திரையுள்ள 450 வாட் பவர் சப்ளை தனியாக வாங்குங்கள்.

ஆல்பம்காரன்:
எல்லாம் வாங்கி மாட்டிவிட்டேன். சுவிட்சைப் போட்டு, துண்டை எடுத்துத் திரும்புவதற்குள் தயாராக நிற்கிறது! ஒரு சந்தேகம்: ரேம் பெட்டியில் வேகம் 3200 என்று இருக்கிறது, டாஸ்க் மேனேஜர் 2400 என்று காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

திருப்புளி:
இல்லை அண்ணா. பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, இயக்கி, சேமித்துவிட்டு வெளியே வாருங்கள். 3200 வந்துவிடும்.