கிளிநொச்சிக்கு சிம்பொனி இசைக்குழு வரவேண்டுமா?

குளக்கட்டு:
கொழும்பிலிருந்து ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவைக் கிளிநொச்சிக்கு அழைக்கலாமா என்று நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரு மாலை நிகழ்ச்சி, இலவசம். கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுப் பாடும் கோஷ்டியை நினைக்கவேண்டாம். வயலின், செலோ, புல்லாங்குழல், ட்ரம்பெட் என்று ஐம்பது அறுபது பேர் ஒலிபெருக்கி இல்லாமல் சேர்ந்து வாசிப்பது. இலங்கை சிம்பொனி இசைக்குழு தொடங்கியது 1958இல். இத்தனை வருடத்தில் எங்கள் வன்னிப் பகுதியில் எத்தனை பேர் அப்படி ஒன்றை நேரில் கேட்டிருப்போம்? வரட்டும் என்கிறேன்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
நான் எதிர்க்கிறேன் அண்ணை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எங்கள் ஊருக்கும் வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. மத்தியானம் ஒரு மணிக்கே எங்களைச் சீருடையோடு மைதானத்தில் இருத்திவிட்டார்கள். விருந்தினர் வந்தது நாலு மணிக்கு. பிறகு மாலை, பொன்னாடை, பேச்சு. வாசித்தது அரை மணித்தியாலம்கூட இல்லை. படம் எடுத்துக்கொண்டு வாகனம் ஏறிப் போய்விட்டார்கள். எனக்கு அந்த வெயில்தான் ஞாபகம். அறுபது பேரின் பயணம், சாப்பாடு, தங்குமிடம், வாத்தியம் ஏற்றும் லொறி எல்லாவற்றுக்கும் போகும் காசில் ஒரு சங்கீத ஆசிரியரை வைத்திருக்கலாம். கம்பி அறுந்த வயலின்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன.

வயலின் ரீச்சர்:
தம்பி, அந்த வயலின்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் செலோவைக் கைபேசித் திரையில்தான் கண்டிருக்கிறார்கள். பத்து வயலின் ஒரே வில்லோட்டத்தில் எழும்பும்போது நெஞ்சுக்குள் ஏற்படும் அதிர்வு கைபேசியில் வராது. நாங்கள் நிலத்தில் இருந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச-ப-ச-ப என்று சுருதி கூட்டி வாசிக்கிறோம். அதே வாத்தியத்தை அவர்கள் தோளில் நிமிர்த்தி, வேறு சுருதியில் வாசிப்பார்கள். அதை ஒரு பிள்ளை பக்கத்தில் நின்று பார்க்கட்டுமே.

கூத்துக்காரன்:
முள்ளியவளையில் கோவலன் கூத்துக்கு, கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளக்காரரும் இருக்கிறார்கள். காத்தவராயன் கூத்து விடிய விடிய நடக்கும். அதற்குக் காசு சேர்க்க வீடு வீடாகப் போகவேண்டியிருக்கிறது. கொழும்பு இசை வந்தால் மட்டும் மண்டபம் உடனே கிடைக்குமா? எங்களிடம் இசையே இல்லாததுபோல அவர்கள் வந்து தரவேண்டுமா?

வயலின் ரீச்சர்:
அந்த வருத்தம் நியாயமானது. என்றாலும் இசை இப்படிப் பயணம் போனதால்தான் இன்று என் கையில் வயலின் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஒரு ஐரோப்பியரிடம் அதைப் பழகிக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். முத்துசுவாமி தீட்சிதரோ வெள்ளைக்காரரின் பாண்ட் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நொட்டுஸ்வரம் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அவர்கள் எதையும் இழக்கவில்லையே. அதே மேடையில் முதலில் மத்தளம் ஒலிக்கட்டும், அண்ணாவியார் பாடட்டும். வருகிறவர்களும் இருந்து கேட்கட்டும்.

ஒட்டுசுட்டான் பெடியன்:
சரி ரீச்சர். ஆனால் ஒரு மாலை மட்டும் என்றால் நான் இன்னும் எதிர்ப்புத்தான். நிகழ்ச்சி இரவு எட்டு மணிக்கு முடிந்தால் புதுக்குடியிருப்புப் பிள்ளை எந்த பஸ்ஸில் வீடு போகும்? பரந்தன் – முல்லைத்தீவு வீதிப் பக்கம் இருப்பவர்களுக்கே கஷ்டம். எங்கள் பக்கம் யானைப் பயமும் இருக்கிறது. பஸ் வசதி இல்லாவிட்டால் அது கிளிநொச்சி டவுனுக்கு மட்டுமான கச்சேரி. அவர்கள் இரண்டு நாள் தங்கவேண்டும். முதல் நாள் நாலைந்து பேராகப் பிரிந்து மாங்குளம், ஒட்டுசுட்டான், முல்லைத்தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் போகட்டும். பிள்ளைகள் வில்லைத் தொட்டுப் பார்க்கட்டும். கம்பி போடத் தெரிந்தவர்கள் எங்கள் வயலின்களுக்குக் கம்பி போட்டுக்கொடுத்துவிட்டுப் போகட்டும். பேச்சு, பொன்னாடை ஒன்றும் வேண்டாம். முன்வரிசை பிள்ளைகளுக்கு.

கூத்துக்காரன்:
மத்தளம் முதலில் என்றால் நானும் வருகிறேன். திறந்த மைதானம் மட்டும் வேண்டாம். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் காற்றில் வயலின் பத்து வரிசை தாண்டாது.

குளக்கட்டு:
மண்டபம்தான் பார்க்கிறோம். இரண்டு நாள் என்றே கேட்கிறேன், மறுத்தால் திரும்ப இங்கே வந்து சொல்கிறேன். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், அப்போது ஒருவரும் வரமாட்டார்கள். காலபோக நெல் வெட்டு முடிந்து கை கொஞ்சம் ஓய்ந்திருக்கும் பங்குனி நல்லது. புதுக்குடியிருப்புக்கும் ஒட்டுசுட்டானுக்கும் எத்தனை பஸ் வேண்டும் என்று தம்பி கணக்குப் பார்த்துச் சொல்லுங்கோ.