கேஃப்ரீயில் ஊப்ஸ், நல் செக் இருந்தும் விழுகிறது. அவசரம்!

புதுப்பயல்: லினக்ஸ் கெர்னலுக்குச் சின்ன கேரக்டர் டிரைவர். ஐஆக்டில் (யூசர் புரோகிராம் டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் கால்) தோற்று வெளியேறும்போது, மெமரியை விடுவிக்கும் கேஃப்ரீ வரியில் ஊப்ஸ், அதாவது கெர்னலே பிழை காட்டி விழுகிறது. பாயின்டர் நல் (எதையும் சுட்டாத வெற்று மதிப்பு) இல்லையென்றால் மட்டும் விடுவிக்கும்படி இஃப் போட்டிருக்கிறேன். அப்படியும் விழுகிறது. நாளை காலை காட்ட வேண்டும்.

அரைப்புள்ளி: எந்தக் கெர்னல்? மெமரியை எதில் வாங்கினீர்கள்? லாக் எங்கே?

இரவுப்பறவை: டபுள் ஃப்ரீதான், ஒரே மெமரியை இரண்டு முறை விடுவிக்கிறீர்கள், சந்தேகமே வேண்டாம். விடுவித்ததும் பாயின்டரை நல் ஆக்கிவிடுங்கள்.

பழைய_டிரைவர்: தம்பி, முதலில் அந்த இஃப் எதற்கு? நல் வந்தால் கேஃப்ரீ சும்மா திரும்பிவிடும். கெர்னல் கோடைச் சோதிக்கும் செக்பேட்ச் ஓட்டியிருந்தால் அதுவே திட்டியிருக்கும். யூசர் பக்கத்து ஃப்ரீயும் 1989 சி தரத்திலிருந்து அப்படித்தான். இதெல்லாம் படித்துவிட்டு டிரைவர் எழுத வரலாம்.

அரைப்புள்ளி: மெமரி விடுவிக்கும் இன்னொரு ஃபங்ஷனான விஃப்ரீக்கும் நல் பரவாயில்லை. ஆனால் கேமெம்_கேஷ்_ஃப்ரீயிடம் அதை எதிர்பார்க்காதீர்கள் அண்ணா.

இரவுப்பறவை: இஃப் இருந்தால் ஒரு ஃபங்ஷன் கால் மிச்சமாகுமே?

பழைய_டிரைவர்: பிழை வழியில் மிச்சம் பிடித்து என்ன செய்யப் போகிறீர்கள்? நல் ஆக்குவதும் அப்படித்தான். இரண்டாவது ஃப்ரீ சத்தமில்லாமல் போய்விடும். மெமரிப் பிழை பிடிக்கும் கருவியான காசான் பிடிக்க வேண்டியதை நீங்களே மூடி மறைக்கிறீர்கள்.

இரவுப்பறவை: கஸ்டமர் மெஷினில் காசான் ஓடாதே.

புதுப்பயல்: ஸாரி, கெர்னல் 6.1. மெமரி வாங்கியது மெம்டப்_யூசரில், யூசர் பக்கத்து டேட்டாவை நகலெடுத்துத் தருவது. லாகில் ஒரு ரிஜிஸ்டர் முழுக்க எஃப், கடைசியில் மட்டும் 2.

அரைப்புள்ளி: அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அது மைனஸ் 14, அதாவது ஈஃபால்ட், தவறான முகவரி என்ற பிழை எண். மெம்டப்_யூசர் தோற்றால் நல் தராது, பிழை எண்ணையே பாயின்டராக்கித் தரும். கெர்னலுக்குள்ளேயே நகலெடுக்கும் கேமெம்டப்தான் நல் தரும். பெயர் ஒட்டியிருப்பதால் எல்லோரும் ஒருமுறையாவது ஏமாறுவோம். மைனஸ் 14 நல் இல்லை என்பதால் உங்கள் இஃப் அதை உள்ளே விட்டுவிட்டது. கேஃப்ரீ கண்டுகொள்ளாமல் விடுவது நல்லையும், 0 பைட் கேட்டால் கிடைக்கும் 16 என்ற போலி முகவரியையும்தான். மற்றதையெல்லாம் நிஜ மெமரி என்று நம்பி அதன் பக்கத்தைத் தேடிப் போகும். வாங்கிய அடுத்த வரியிலேயே, பாயின்டரில் பிழை எண் இருக்கிறதா என்று இஸ்_எர்ர் வைத்துப் பாருங்கள். பிழை என்றால் பிடிஆர்_எர்ர் எடுத்துத் தரும் பிழை எண்ணோடு அங்கேயே திரும்புங்கள், கேஃப்ரீ பக்கம் போகவே வேண்டாம்.

பழைய_டிரைவர்: இஃப் வேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன்.

அரைப்புள்ளி: எடுத்திருந்தாலும் விழுந்திருக்கும் அண்ணா.

புதுப்பயல்: ஊப்ஸ் போச்சு. ஈஃபால்ட் ஏன் என்றும் தெரிந்தது, யூசர் புரோகிராமில் முகவரி தரும் ஆம்பர்சண்ட் (&) போட மறந்திருக்கிறேன். நன்றி.

இரவுப்பறவை: சரி, டபுள் ஃப்ரீ இல்லை. ஆனாலும் நல் ஆக்கிவிடுங்கள்.