எஸ்டேட் பங்களாவில் துப்பாக்கி: கைரேகைப் பூட்டு திருட்டைத் தடுக்குமா?

ஏலக்காடு, வண்டன்மேடு:

பக்கத்துத் தோட்டத்து பங்களாவை உடைச்சு, ஸ்டோர்ல இருந்த ஏலக்காயோட சேர்த்து பீரோவுல இருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியையும் தோட்டா டப்பாவையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. முதலாளி கம்பத்துல இருக்கார். நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு இதே நிலைமைதான். தோட்டம் கேரளாவுல இடுக்கியில, வீடு தமிழ்நாட்டுல கம்பத்துலயோ போடியிலயோ. லைசென்ஸ்ல கேரளான்னு மட்டும் ஏரியா இருந்தா கம்பம்மெட்டு எல்லை தாண்டிக் கீழே கொண்டுவர முடியாது. அதனால ஆளில்லாத பங்களாவுல, மரபீரோவுல, கம்பளிக்கு அடியில துப்பாக்கி கிடக்கு. காய் போனா அடுத்த எடுப்புல பார்த்துக்கலாம். துப்பாக்கி போனா அது யார் நெஞ்சுக்கு நேரா நிக்கும்னு யாருக்குத் தெரியும்?

நான் சொல்றது இதுதான். கைரேகையில திறக்கிற இரும்புப் பெட்டி, பெட்டியை அசைச்சா போனுக்குச் சொல்ற அலாரம், இந்த ரெண்டும் இல்லாம லைசென்ஸைப் புதுப்பிக்கவே கூடாது. காய் ஸ்டோருக்கு கேமரா வைக்கிறோம், துப்பாக்கிக்கு வைக்க மாட்டோமா?

மலையடிவாரம், கூடலூர் (தேனி மாவட்டம்):

அண்ணே, கோபம் நியாயம். வைத்தியம்தான் தப்பு. ரேஷன் கடை மெஷின்ல எங்கம்மா கைரேகை விழாம எத்தனை தடவை திரும்பி வந்திருக்காங்க தெரியுமா? காடு மேடுன்னு உழைச்ச விரல்ல ரேகை தேஞ்சு போயிருக்கும். ஆடி மழையில மலையில கரண்டு போனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. பேட்டரி செத்த பெட்டியை என்ன பண்றது? கடைசியில அதுக்கும் ஒரு சாவி இருக்கும், அந்தச் சாவி சாமி படத்துக்குப் பின்னாடி தொங்கும்.

அமெரிக்காவுல 2023 அக்டோபர்ல கைரேகைத் துப்பாக்கிப் பெட்டி 61,000 போலத் திரும்பப் பெற்றாங்க. ரேகையைப் பதிவு செஞ்சு முடிச்சாச்சுன்னு வாங்கினவங்க நம்பியிருக்காங்க, ஆனா பெட்டி யார் விரல் வச்சாலும் திறந்திருக்கு. 12 வயசுப் பையன் ஒருத்தன் செத்தே போனான். பூட்டியிருக்குன்னு நம்பி அசந்து இருக்கிறது, பூட்டாம இருக்கிறதை விட ஆபத்து.

கொச்சித் தம்பி (சொந்த ஊர் போடி):

அண்ணே, ஒரு பெட்டி கெட்டதுக்காக மின்னணுப் பூட்டே வேண்டாம்னு சொல்ல முடியாது. அதே நாட்டுல 2017ல இருந்து 2021க்குள்ள தனியாட்கள்கிட்ட இருந்து மட்டும் 10 லட்சத்துக்கு மேல துப்பாக்கி திருடு போச்சுன்னு அரசே கணக்கு சொல்லுது. 

துப்பாக்கிக்குள்ளயே பூட்டு வைக்கிற வேலைதான் இன்னும் சரியா அமையலை, அதை ஒத்துக்கணும். கையில கட்டுற வாட்ச் பக்கத்துல இருந்தாத்தான் சுடும்னு 2014ல ஒரு கைத்துப்பாக்கி வந்துச்சு. 2017ல ஒருத்தர் சில்லறைக் காசுக்கு வாங்கின காந்தத்தை வச்சே அதைச் சுட வச்சுக் காட்டினார். நியூ ஜெர்சி மாகாணத்துல 2002லயே சட்டம் போட்டாங்க. இப்படிப்பட்ட துப்பாக்கி விற்பனைக்கு வந்த 3 வருஷத்துல புதுசா விற்கிற கைத்துப்பாக்கி எல்லாமே இந்த மாதிரிதான் இருக்கணும்னு. விளைவு, விற்கவே கடைக்காரங்க பயந்தாங்க. 2019ல சட்டத்தை மாத்த வேண்டியதாச்சு. அதனால நான் கேட்கிறது துப்பாக்கிக்குள்ள சிப்பு இல்லை. சுவத்துல போல்ட் அடிச்ச பெட்டி, அசைவு தெரிஞ்சா சிம் கார்டு வழியா குறுஞ்செய்தி. இன்டர்நெட் வேண்டாம், சின்ன பேட்டரி போதும்.

ஓய்வு ஏட்டு, உத்தமபாளையம்:

தம்பிகளா, ஒரு செய்தி சொல்கிறேன். 2020 பிப்ரவரியில் வந்த சி.ஏ.ஜி. (அரசுக் கணக்குத் தணிக்கைத் துறை) அறிக்கை, திருவனந்தபுரம் சிறப்பு ஆயுதப்படை பட்டாலியனில் 25 இன்சாஸ் ரைபிளும் 12,061 தோட்டாவும் குறைகிறது என்றது. கேரளாவே அதிர்ந்தது. பிறகு குற்றப்பிரிவு எண்ணிப் பார்த்தபோது ரைபிள்கள் கணக்குக்கு வந்துவிட்டன. தோட்டா விஷயத்தில்தான் வழக்கு நடந்தது. காவலும் பூட்டும் உள்ள இடத்திலேயே பதிவேடு சரியில்லை என்றால் இதுதான் கதி. தனியாரிடம் இருக்கும் துப்பாக்கிக்குத் தேசியத் தரவுத்தளத்தில் தனி எண் கொடுத்திருக்கிறார்கள், 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்தால் ஆளுக்கு 2 துப்பாக்கிதான். எண் இருந்து என்ன, திருடு போனதை முதலாளி மாதக்கணக்கில் கவனிக்காவிட்டால்?

என் யோசனைக்கு கரண்டு வேண்டாம். இரட்டைக்குழலில், குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றிவிட்டு மடக்கினால் குழல் தனியாக வந்துவிடும். குழல் ஓர் அறையில், கட்டை இன்னோர் அறையில், தோட்டா மூன்றாவது பூட்டில். திருடனுக்கு அவசரம், மூன்றையும் தேட மாட்டான். முன்கட்டையைக் கம்பத்துக்குக் கொண்டுபோய் வைக்கலாமே என்று நினைக்காதீர்கள். சட்டத்தில் துப்பாக்கியின் பாகமும் ஆயுதம்தான். நீண்ட நாள் போவதாக இருந்தால், பாதுகாப்பில் வைக்க உரிமம் உள்ள ஆயுதக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள்.

லயத்துப் பொண்ணு, நெடுங்கண்டம்:

எல்லாரும் பெட்டியைப் பத்தியே பேசுறீங்க. அந்தப் பெட்டியில யார் விரலைப் பதிவீங்க?

முதலாளி விரல் கம்பத்துல இருக்கு. பன்னி வர்றது ராத்திரி ஒரு மணிக்கு. 2022 மே மாசத்துல இருந்து கேரளாவுல பஞ்சாயத்துத் தலைவரே காட்டுப்பன்னியைச் சுட உத்தரவு போடலாம், லைசென்ஸ் உள்ளவங்க சுடலாம். கீழே தமிழ்நாட்டுல வனத்துறைதான் சுடணும். அதனால மேல துப்பாக்கிக்கு மதிப்பு கூடிப்போச்சு. ஆனா சுடுறது யாரு? அங்கங்க முதலாளி சொன்னார்னு வாட்ச்மேன்தான். எங்கப்பா வாட்ச்மேன். லைசென்ஸ்ல அவர் பேர் இல்லை. வேலையாள் கையில துப்பாக்கி கொடுக்கணும்னா ரீடெய்னர்னு அவர் பேரையும் லைசென்ஸ்ல சேர்க்கணும். எங்க அப்பாவுக்கு அதைச் செய்ய இதுவரை யாரும் முன்வரலை.

இப்ப அவர் விரலைப் பெட்டியில பதிஞ்சா என்ன ஆகும்? திருட வர்றவன் பூட்டை உடைக்க மாட்டான், எங்கப்பா கையை முறுக்குவான். போலீஸ் வந்தா, பெட்டியைத் திறந்தது உன் ரேகைதானேன்னு முதல்ல எங்கப்பாவைத்தான் உட்கார வைப்பாங்க. முதலாளிக்கு அலாரம் கம்பத்துல அடிக்கும், அவர் மலை ஏறி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும்.

ஏலக்காடு, வண்டன்மேடு:

தங்கச்சி, இது கனமான கேள்வி. ஆனா அதனாலதான் மின்னணுப் பூட்டு வேணும்கிறேன். யார், எத்தனை மணிக்குத் திறந்தாங்கன்னு அது குறிச்சு வைக்கும். முதலாளி சொல்லித்தான் உங்க அப்பா எடுத்தார்னு அதுலயே தெரியும். சாவி தொங்குற வீட்டுல அந்தச் சாட்சிகூட இல்லை.

லயத்துப் பொண்ணு, நெடுங்கண்டம்:

அண்ணே, எடுத்தார்னுதான் குறிக்கும். யார் சொல்லி எடுத்தார்னு குறிக்காது.

மலையடிவாரம், கூடலூர் (தேனி மாவட்டம்):

அக்கா சொன்னதுக்கு மேல நான் ஒண்ணும் சேர்க்க வேண்டியதில்லை. இன்னொண்ணு மட்டும். லைசென்ஸ் இல்லாத நாட்டுத்துப்பாக்கியில கருமருந்தும் ரவையும் கெட்டிச்சே வச்சிருக்கிற பழக்கம் மலையில இருக்கு. நீங்க போடுற எந்த நிபந்தனையும் அந்த வீட்டுக்குப் போகாது. லைசென்ஸ் வாங்கி ஒழுங்கா இருக்கிறவன்தான் செலவு பண்ணணுமா?

ஓய்வு ஏட்டு, உத்தமபாளையம்:

கள்ளத்துப்பாக்கி இருக்கிறது என்பதற்காக லைசென்ஸ் துப்பாக்கியைத் திறந்து போட முடியாது, தம்பி. பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி கெட்டிக்கிற துப்பாக்கிக்கு சட்டத்திலேயே லைசென்ஸ் உண்டு. தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிக்கட்டும். பத்திரமாக வைப்பேன் என்று உறுதிமொழியும், பாதுகாப்புப் பயிற்சியும் 2016 ஆயுத விதிகளிலேயே இருக்கின்றன. எழுதிக் கொடுத்த உறுதிமொழியை நேரில் வந்து பார்க்க வேண்டும், அதுதான் குறை.

அந்தப் பெண் கேட்டதை வண்டன்மேட்டுக்காரர் கடந்து போகக் கூடாது. ரீடெய்னர் பேர் இல்லாமல் வாட்ச்மேன் கையில் துப்பாக்கி கொடுத்தால் இருவர் மேலும் வழக்கு வரும். எந்தப் பூட்டு வாங்குவதற்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.

கொச்சித் தம்பி (சொந்த ஊர் போடி):

அப்படின்னா அலாரம் முதலாளிக்கு மட்டும் போகக் கூடாது. ஸ்டேஷன் எண்ணுக்கும் பக்கத்துத் தோட்டத்து ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போகணும். அதை அமைக்க முடியும், நான் செஞ்சு தர்றேன். கைரேகைக்குப் பதிலா எண் அழுத்துற பூட்டு வச்சா தேஞ்ச விரல் பிரச்சினையும் போச்சு.

லயத்துப் பொண்ணு, நெடுங்கண்டம்:

எண் பூட்டு சரி, அலாரமும் சரி. எண் எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாது. பன்னி வந்தா அவர் தகரத்தைத் தட்டட்டும், சுட வேண்டியவங்க வந்து சுடட்டும்.