‘இன்னும் பத்து நிமிஷம்தான்’

தனித்தனியாக மலை ஏறப் போன சிலர் சொன்னவை இவை.

மூன்றரை கிலோமீட்டர்தானே, ஒரு மணி நேரத்தில் ஏறி அரை மணியில் இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காலை பத்து மணிக்குக் கிளம்பினேன். ஏற வேண்டிய உயரம் 700 மீட்டர் என்று அடிவாரத்துப் பலகையில் எழுதித்தான் இருந்தது. படித்தேன், மண்டையில் ஏறவில்லை. நூறு மீட்டர் நடந்தால் இருபது மீட்டர் மேலே போக வேண்டும் என்று அர்த்தம். அதுவும் சராசரிதான்.

மரநிழலில் சாதுவாகப் போய்க்கொண்டிருந்த பாதை கால் மணி நேரத்தில் வேரும் கல்லுமாக நிமிர்ந்துகொண்டது. விறுவிறுவென்று ஏறுவது, நின்று மூச்சு வாங்குவது, மறுபடி விறுவிறுவென்று ஏறுவது. முக்கால் மணியில் தொடை இரண்டும் கல்லாகிவிட்டன. எதிரே இறங்கி வந்தவரிடம் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். "பத்து நிமிஷம்தான்." அரை மணி கழித்து வந்த ஜோடியும் அதையே சொன்னது.

ஒருவழியாக மரங்கள் விலகி வானம் தெரிந்தது. உச்சி என்று நினைத்து மிச்சமிருந்த தெம்பையெல்லாம் போட்டு ஏறினேன். வெறும் மேடு அது. நிஜ உச்சி அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இன்னும் உயரத்தில் நின்றது. கோபம்கூட வரவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்துப் பாறையில் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியிருப்பார், இறங்கிக்கொண்டிருந்தவர். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். சொன்னேன். "இதுவரைக்கும் ரெண்டு மணி நேரம். அப்ப இன்னும் முக்கால் மணி ஆகும். தண்ணி இருக்கா? பேசிக்கிட்டே ஏற முடியிற வேகத்துல போங்க. அடியைச் சின்னதா வைங்க, நிக்காம போங்க." அன்றைக்கு உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான். முக்கால் மணி என்றால் முக்கால் மணி.

வில்லியம் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892லேயே இதற்கு ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். என் மலைக்குப் போட்டுப் பார்த்தால் நடைக்கு 42 நிமிடம், ஏற்றத்துக்கு 70 நிமிடம். ஓய்வே இல்லாமல் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். என் ஒரு மணி நேரக் கணக்கு எங்கே!

உச்சியில் மலை மேல் மலையாக, தூரம் போகப் போக நீலம் வெளுத்துக்கொண்டே போனது. வியர்த்த சட்டையில் காற்று பட்டதும் பல் கிட்டிவிட்டது. 700 மீட்டருக்கே நாலைந்து டிகிரி குறையும். வெயில் ஏறினால் பள்ளத்தாக்குக் காற்று சூடாகி மேலே வந்து மேகமாகும் என்பதையும் அங்கேதான் பார்த்தேன். காட்சி கிடைத்தது சரியாகப் பத்து நிமிடம். அப்புறம் எல்லாம் வெள்ளை.

* * *

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள், என்னைப் படுக்க வைத்தது இறக்கம்தான். இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால் வரும் வலி அன்று தெரியாது, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். நான் பின்பக்கமாகத் திரும்பி இறங்கினேன், வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். கட்டைவிரல் நகம் ஒன்று கறுத்தும் போனது. என் பின்னால் வந்தவர் பாதி வழியில் என்னை நிறுத்தி, "லேஸைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டுங்க, கால் முன்னால சறுக்காது" என்றார். உச்சியிலேயே அவரைப் பார்த்திருக்கலாம்.

* * *

எனக்கு உச்சியிலிருந்து காட்சியே கிடைக்கவில்லை. உச்சிக்கு இருநூறு மீட்டர் இருக்கும்போது மின்னல், ஒன்பது நொடியில் இடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர மூன்று நொடி ஆகும், ஆக மின்னல் மூன்றே கிலோமீட்டரில். திரும்பிவிட்டேன். மேலே போய்க்கொண்டிருந்த ஒரு பையனிடம் சொன்னேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சே அண்ணா" என்றான். விடாமல் பேசித்தான் அவனையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான்.

* * *

நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். போன மாதம் ஒரு மலையிலிருந்து இறங்கும்போது, முகம் சிவந்து மூச்சிரைக்க வந்த ஒருவர் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். குறைந்தது நாற்பது நிமிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது, "பத்து நிமிஷம்தான்."