சேலையூரில் தென்னை மரத்தைத் துண்டு துண்டாக இறக்க ஆள் வேண்டும்

தாம்பரம் பக்கம் சேலையூரில் இருக்கிறோம். கொல்லையில் 45 அடித் தென்னை ஒன்று, பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் சாய்ந்து நிற்கிறது. ஆடியில் நடுக்குருத்து வாடியது. அப்புறம் பார்த்தால் அடிமரத்தில் விரல் நுழையும் ஓட்டைகள், பழுப்பாக வடியும் சாறு, மென்று துப்பிய மாதிரி நார். காதை வைத்தால் உள்ளே நறநறவென்று சத்தம். மரத்தை உள்ளே குடைந்து தின்னும் சிவப்புக் கூன்வண்டுதான். இனிப் பிழைக்காது.

வழக்கமாகத் தேங்காய் பறிக்கிறவர் மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ள வெறும் கூடா இருக்கு சார், ஏற மாட்டேன்” என்று கிளம்பிவிட்டார். சந்து 4 அடிதான், கிரேன் வராது. இன்னொருவர் அடியோடு வெட்டிச் சாய்க்க 14,000 கேட்டார். எங்கே விழும் என்றதற்கு, “கயிறு கட்டி இழுத்துக்கலாம்” என்றார். இழுக்க இடம் எங்கே இருக்கிறது? மட்டைக்கு 5 அடி தள்ளி மின்கம்பி வேறு. எந்த நாள் என்று சொன்னால் மின்வாரியத்தில் லைனை நிறுத்தித் தருகிறார்களாம், அதனால் அது பிரச்சினை இல்லை.

ஐப்பசி மழைக்குள் முடித்தாக வேண்டும். பக்கத்தில் சாரம் கட்டி, மேலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் இறக்கத் தெரிந்த ஆள் தாம்பரம், மேடவாக்கம் வட்டாரத்தில் யாருக்காவது தெரியுமா?