மகளுக்குத் தட்டு, மகனுக்குக் கடைத்தெரு என்பது நியாயமா?

தென்கரை வாசகி: "மகள் பாத்திரம் கழுவட்டும், மகன் கடைக்குப் போகட்டும், இருவருக்கும் வேலை கொடுத்தால் வீட்டில் நியாயம் நிலைக்கும்" என்று நேற்று இங்கே எழுதப்பட்டதைப் படித்து மனம் கொதித்தது. கடைக்குப் போவது எப்போதாவது ஒரு முறை. எச்சில் தட்டோ மூன்று வேளையும் விழுகிறது. தான் உண்ட தட்டை மகன் ஏன் கழுவக் கூடாது?

பண்ணையூரான்: அதை எழுதியவன் நான்தான். வெயிலில் அரிசியும் எண்ணெயும் சுமந்து வருவது உங்களுக்கு வேலையாகத் தெரியவில்லை போலும். அவரவருக்கு ஏற்ற வேலையைக் கொடுப்பதே நியாயம்.

தென்கரை வாசகி: தட்டைக் கேட்டால் அரிசியைக் காட்டுகிறீர்கள். 2019ஆம் ஆண்டு நடுவண் அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். இந்த இடைவெளிக்கான பயிற்சி உங்கள் வீட்டுக் குழாயடியில்தான் தொடங்குகிறது.

பண்ணையூரான்: பெரியவர்களின் கணக்கை வைத்துக் குழந்தைகளை எடைபோட வேண்டாம்.

தென்கரை வாசகி: அந்தக் கணக்கெடுப்பு 6 வயது முதல் எல்லாரையும் சேர்த்தது. படிக்காமலே மறுப்பது உங்கள் வழக்கம். சொத்துரிமை விவாதத்திலும் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்குப் பங்கு 2005இல்தான் வந்தது என்று அடித்துச் சொன்னீர்கள். அந்தப் பங்கைத் தந்த, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டுத் திருத்தம் 1989ஆம் ஆண்டினது.

பண்ணையூரான்: அதற்கு முன்பே மணமான மகள்களை அந்தத் திருத்தம் விலக்கியதை அன்றும் மறைத்தீர்கள், இன்றும் மறைக்கிறீர்கள்.

ஏட்டுக்கணக்கன்: இருவரும் சொத்தை விட்டுப் பிள்ளைகளுக்கு வாருங்கள். 2015இல் 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியான ஆய்வொன்று இந்தியா உள்ளிட்ட ஏழு நாடுகளின் குழந்தைகளைச் சோதித்தது. தனக்குக் குறைவாகக் கிடைக்கும் பங்கீட்டை மறுக்கும் குணம் எல்லா நாடுகளிலும் தென்பட்டது. தனக்குக் கூடுதலாகக் கிடைப்பதை மறுக்கும் குணமோ அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்றில் மட்டுமே வெளிப்பட்டது.

தென்கரை வாசகி: நான் சொல்வதும் அதுவே. குறைந்தால் அழுவதை எந்தக் குழந்தைக்கும் கற்றுத் தர வேண்டியதில்லை. தனக்குக் கிடைத்த சலுகையை விட்டுக்கொடுப்பதைத்தான் பெற்றோர் பழக்க வேண்டும். சாப்பிட்டதும் கைகழுவி எழுந்து போகும் உரிமை அத்தகைய சலுகை. தங்கை கழுவுவதைப் பார்த்தே வளரும் பையனிடம் பிறகு நீங்கள் எத்தனை நீதிக்கதைகள் சொன்னாலும், அவன் கண்ணால் கண்டதைத்தான் நம்புவான்.

பண்ணையூரான்: ஆய்வு பங்கீட்டைப் பேசுகிறது, பாத்திரத்தை அல்ல. இருட்டிய பின் மகளைத் தனியே கடைக்கு அனுப்பக்கூடிய தெரு உங்களுக்கு வாய்த்திருக்கலாம். எங்கள் ஊரில் அப்படியில்லை.

தென்கரை வாசகி: கடைக்கு மகனே போகட்டும், யார் தடுத்தது? தட்டு கழுவத் தெருவுக்குப் போக வேண்டியதில்லையே.

பண்ணையூரான்: என் பிள்ளைகளை வளர்க்க எனக்குத் தெரியும். 1989ஐப் பற்றிக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.